டப்பாவில் மிச்சமிருந்த தண்ணீர்

கான்டாக்ட் லென்ஸ் டப்பாவைத் திறந்ததும் வாடை வந்தது. பெரிதாக ஒன்றுமில்லை, பூச்சாடியில் மறந்துபோன தண்ணீரின் வாடை, மூக்கருகே கொண்டுபோனால்தான் தெரியும் அளவுக்கு. அக்கா லென்ஸ் ஊறும் குழியின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள். வழுவழுவென்று இருந்தது. சோப்புப் போட்டுத் தேய்த்தும் விரலைவிட்டுப் போகவில்லை.

கண்ணாடிக் கடையில், புதிதாக லென்ஸ் வாங்குகிறவர்களுக்கு அதைப் போடவும் கழற்றவும் பழக்குவதுதான் அவள் வேலை. "பழைய சொல்யூஷன் மேலயே புதுசை ஊத்தாதீங்க, தினமும் கொட்டிடுங்க. இல்லேன்னா கிருமி உள்ளே குடும்பமே நடத்தும்" என்பாள். கேட்பவர்கள் சிரிப்பார்கள். ஊருக்குத்தான் அந்த உபதேசம். வீட்டில், நல்லாத்தானே இருக்கு என்று குறைந்த அளவுக்குப் புதுசை மேலே ஊற்றி வைப்பாள். கடைசியாக எப்போது கொட்டினாள் என்று அவளுக்கே நினைவில்லை. கொஞ்ச நாளாகச் சளி என்று லென்ஸைத் தொடாமல் கண்ணாடியோடு திரிந்ததில், டப்பா அப்படியே கிடந்தது.

அதில்தான் நேற்று ராத்திரி தங்கை தன் லென்ஸை ஊறப்போட்டிருந்தாள். தன் சொல்யூஷன் தீர்ந்துவிட்டதென்று கேட்டபோது, "எடுத்துக்கோடி, இதுக்கெல்லாமா கேப்பே?" என்று சொன்னதும் இவள்தான்.

"அக்கா, மண்ணள்ளிப் போட்ட மாதிரி உறுத்துது." குளியலறை வாசலில் தங்கை நின்றாள். இரண்டு கண்ணும் சிவப்பு. அடுத்த வாரம் பஸ் ஓட்டும் வேலையில் சேரப்போகிறவள்.

அக்கா சட்டென்று டப்பாவை மூடி, இருந்த இடத்திலேயே வைத்தாள். "தூசியா இருக்கும். லென்ஸைக் கழட்டிட்டுப் படு."

கடைக்கு மாடியிலேயே கண் டாக்டர் இருந்தார். அழைத்துப்போயிருக்கலாம். ஆனால் அவர் கேட்கும் முதல் கேள்வி எதுவென்று அவளுக்குத் தெரியும். 'உங்ககிட்ட பழகினவங்க ஒருத்தர்கூட கண்ணு சிவந்து என்கிட்ட வந்ததில்லைம்மா' என்று நாலு பேர் முன்னால் புகழ்கிற மனிதர். அவர் முகத்தில் எப்படி விழிப்பது? நினைக்கும்போதே காது சுட்டது.

மத்தியானம் கடையில் இருந்தபோது தங்கையின் போன் வந்தது. "வெளிச்சம் பட்டாலே குத்துதுக்கா. உங்க டாக்டர்கிட்ட வரட்டுமா?"

டாக்டர் அப்போது பக்கத்தில் நின்று காபி குடித்துக்கொண்டிருந்தார். அக்கா போனைக் கையால் பொத்திக்கொண்டாள். "வேணாம். நல்லாக் கழுவு. நான் வந்துடறேன்."

அதற்குப் பிறகு போன் வரவில்லை. லென்ஸ் போடப் பழக வந்த பெண்மணி, "நீங்க சொல்யூஷனை எப்பெப்போ மாத்துவீங்க மேடம்?" என்று சாதாரணமாகக் கேட்டாள். தினமும் என்று சொன்ன நாக்கு கசந்தது. சீ, நானும் ஒரு மனுஷியா? பையை எடுத்துக்கொண்டு பாதியிலேயே கிளம்பினாள்.

வீட்டுக்குள் அதே வாடை. இப்போது குனிந்து மோந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை. கூடம் முழுக்க, திரைச்சீலையில், தலையணையில், தான் விழுங்கும் எச்சிலிலும்கூட இருந்தது. அறைக்குள் தங்கை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். ஜன்னல் திறந்திருந்தது. வெயில் கட்டில்வரை வந்திருந்தது.

தரையில் டப்பா. இரண்டு மூடியும் தனித்தனியாக.

காலி.

"குழாய்த் தண்ணி பட்டா எரிஞ்சுதுக்கா" என்றாள் தங்கை, திரும்பாமலே. "அதான் டப்பாவுல இருந்ததைச் சொட்டுச் சொட்டா விட்டேன். கண்ணுல போடுற லென்ஸையே கழுவுற மருந்தாச்சே. குளுகுளுன்னு இருந்துச்சு. இப்ப வலியே இல்லை."

அக்கா கட்டிலருகே ஓடினாள். "எந்திரிடி. டாக்டர்கிட்ட போலாம். நான்தான்... அது பழசு. நான் கொட்டவே இல்லை. காலையிலேயே தெரியும். அசிங்கமா இருந்துச்சு, சொல்லலை."

"போலாமே." தங்கை எழுந்து உட்கார்ந்தாள். கோபமே இல்லாத குரல். "முதல்ல லைட்டைப் போடுக்கா. ஏன் இருட்டிலேயே நிக்குறே?"

தங்கை அக்கா பக்கம் திரும்பினாள்.

வெயில் முழுதாக முகத்தில் விழுந்தது. இமைக்கவில்லை. கருவிழி இல்லை. இரண்டு கண்ணிலும் கலங்கிய வெள்ளை. அது அசைந்தது. மெதுவாக. விழி அசையவில்லை, உள்ளே இருந்தது மட்டும்.

கன்னத்தில் வழிந்ததைத் தங்கை விரலால் துடைத்தாள். அது நூலாக நீண்டு, அறுபடாமல், கண்ணுக்கும் விரலுக்கும் நடுவில் தொங்கியது.