விழுங்காத இனிப்பு

காலை பதினொரு மணி. அச்சகக் கழிவறையின் கதவை உடைத்துத்தான் முதலாளியை வெளியே தூக்கினார்கள். வயிற்றுப்போக்கில் உடம்பு வற்றி, சுருண்டு கிடந்தார்.

மாலை நான்கு மணி. அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் அவர் வீட்டுச் சமையல்காரம்மா காவல் நிலைய பெஞ்சில் இருந்தார். ஒரு ஆள்மேல் சந்தேகம் விழுந்துவிட்டால் அதற்குமேல் யோசிக்காமல் இருப்பது நமக்கெல்லாம் கைவந்த கலை. முதலாளியின் மகளும் அதைத்தான் செய்திருந்தாள்.

"அப்பாவுக்கு செயற்கை இனிப்பு ஒத்துக்காதுன்னு டாக்டர் சொன்னதும், வீட்ல இருந்ததையெல்லாம் தூக்கிப் போட்டேன் மேடம். நான் திட்டின கோபத்துல இவங்க வேணும்னே கலக்கறாங்க."

"வயித்துப்போக்கு தினமுமா?" என்றார் பெண் இன்ஸ்பெக்டர்.

"ஞாயித்துக்கிழமை மட்டும் இல்ல."

"அன்னிக்கு யார் சமையல்?"

"இவங்கதான்." மகளின் குரல் இறங்கிவிட்டது.

ஞாயிறன்று அச்சகத்துக்குத்தான் விடுமுறை. இன்ஸ்பெக்டர் நேராக அங்கே போனார். முதலாளியின் மேசைக்கடியில் குப்பைக்கூடை நிறைய சின்னச் சின்ன வெள்ளித்தாள்கள்.

"சிகரெட்டை விட்டதுலேர்ந்து அண்ணன் வாய் ஓயறதே இல்லைங்க" என்றார் மெஷின்காரர். "வீட்ல ஆசை வராதாம். இங்க மெஷின் சத்தம் கேட்டாதான் கை தேடுதாம்."

ஆஸ்பத்திரிக் கட்டிலில் சூயிங்கம் பாக்கெட்டை வைத்தார் இன்ஸ்பெக்டர். "சாப்பிட்டதையெல்லாம் டாக்டர்கிட்ட சொன்னீங்க. இதை ஏன் சார் சொல்லல?"

"அதை முழுங்கறதில்லையேம்மா. மென்னு துப்பிடறேன்."

"துப்பறது சக்கையை. இனிப்பு உள்ளே போயிடுதே. சர்க்கரை இல்லைன்னு போட்டிருக்கு, அப்போ எதனால இனிக்குது?" பாக்கெட்டைத் திருப்பினார். பொடி எழுத்தில் சார்பிட்டால் என்ற செயற்கை இனிப்பின் பெயர் இருந்தது. "ஒண்ணு ரெண்டு போனா போகுது. நாள் முழுக்க மென்னா உங்க வயிறு தாங்குமா? யார் வாங்கித் தந்தது?"

முதலாளி, கட்டிலருகே நின்ற மகளைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

"நான்தான்" என்றாள் மகள். "சிகரெட்டை விடணும், பல்லும் கெடக்கூடாதுன்னு தேடித் தேடி வாங்கினேன்." தன் கையாலேயே கொடுத்துவிட்டு, பழியை இன்னொருத்தர் தலையில் போட்டோமே என்று உடம்பு கூசியது.

காவல் நிலையத்துக்கு ஓடினாள். "மன்னிச்சிடுங்கம்மா. அந்த இனிப்பைக் கொடுத்தது நான்தான். வீட்டுக்கு வாங்க."

சமையல்காரம்மா மெதுவாக எழுந்தார். "தெருவே பார்க்க ஜீப்புல ஏத்தினாங்க. என் பிள்ளைங்க வாசல்ல நின்னு பார்த்துச்சுங்க. முதல்ல என் வீட்டுக்கு வாங்க. யார் கொடுத்ததுன்னு அதுங்ககிட்ட நீங்களே சொல்லுங்க."