மூச்சைப் பூட்டியவள்

ஆஸ்பத்திரியிலிருந்து அவள் தனியாகத்தான் திரும்பினாள். செருப்பைக் கழற்றும்போதே படுக்கையறைக்குள் யாரோ மூச்சை இழுப்பது கேட்டது. மின்விசிறியாக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். மாலை வெயில் இன்னும் சுவரை விட்டுப் போகவில்லை. மருந்து வாடை தன் புடவையோடு வந்ததா, தனக்கு முன்பே வந்து காத்திருந்ததா என்று தெரியவில்லை.

மதியம் கணவர் போய்விட்டார். அவருக்கு உடுத்த ஒரு நல்ல சட்டை எடுக்கத்தான் வந்திருந்தாள். கைபேசி அடித்தது. ஆஸ்பத்திரியின் பதிவுப் பிரிவு எழுத்தர்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. சாருக்கு 'இறந்தார்'னு போட்டா சிஸ்டம் ஏத்துக்க மாட்டேங்குது. 'மாற்ற முடியாது'ன்னே வருது. அது மாறாம இங்க எதுவும் நகராது. நீங்க எழுதின புரோகிராம்தானே, கொஞ்சம் பாருங்களேன்."

அவள் எழுதியதுதான். நோயாளிகளின் பிறந்த தேதியையும் ரத்த வகையையும் யாரும் மாற்றிவிடாதபடி பூட்டித் தரச் சொல்லி நிர்வாகம் கேட்டிருந்தது. டேட்டாபேஸ் அட்டவணைக்கும் பைத்தான் நிரலுக்கும் நடுவில் நிற்கும் மேப்பர் என்ற இணைப்புப் பகுதியில் ஒரு காவல் வைத்தாள்: ஒருமுறை எழுதியது எழுதியதுதான், மாற்ற வந்தால் விரட்டிவிடு. ஆஸ்பத்திரியில் அவருடைய கட்டிலருகே மடிக்கணினியோடு உட்கார்ந்து இதை எழுதியபோது, அந்த இரண்டோடு 'நிலை'யையும் சேர்த்துவிட்டாள். அதில் அப்போது 'உயிருடன்' என்று இருந்தது. அசதியில் கை தவறிவிட்டது என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம். வீட்டைப் பூட்டிவிட்டு மறுபடி மறுபடி இழுத்துப் பார்க்கிறவள் அவள்; "பூட்டு கையோட வந்துடும்மா" என்று அவர் கேலி செய்வார். அவளுக்கா கை தவறும்?

"இப்பவே சரி பண்றேன்," என்றாள்.

சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்தாள். பூட்டிய பட்டியலிலிருந்து 'நிலை' என்ற அந்த ஒரு சொல்லை அழித்தால் போதும். படுக்கையறை மூச்சு கூடத்துக்கு வந்தது. உள்ளே இழுக்கும் மூச்சு. ஈரமாக, கரகரவென்று, முடிவில்லாமல். வெளியே விடும் சத்தம் மட்டும் வரவேயில்லை. நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றது. பிடரி சில்லிட்டது.

"என்னங்க?"

"வலிக்குதும்மா." அவர் குரல்தான். "இழுத்துக்கிட்டே இருக்கு. என்னப் போக விடு."

அழித்தால் அவருக்கு வலி தீரும். அழித்தால் இந்தக் குரலும் இல்லை. இனி எந்தக் காலத்திலும் இல்லை.

அழிக்கும் விசையிலிருந்து விரலை எடுத்துவிட்டாள்.

"இன்னும் கொஞ்ச நேரம்," என்று அழுதாள். "கொஞ்சமே கொஞ்ச நேரங்க."

மடிக்கணினியை மூடினாள். திரும்பினாள். அவர் நின்றார். வாய் திறந்தபடி. கண்கள் கெஞ்சின. நெஞ்சு ஏறியது. ஏறிக்கொண்டே இருந்தது. ஆசையோடு அதில் கன்னத்தை வைத்துக் கட்டிக்கொண்டாள்.

கன்னத்துக்கு அடியில் ஒரு விலா எலும்பு படக்கென்று முறிந்தது. பிறகு இன்னொன்று. மூச்சு இன்னும் உள்ளேதான் போய்க்கொண்டிருந்தது.