சூடு இறங்கும் இடம்

லேப்டாப் சூடாகவில்லை. அவனுக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

வேறு யாராக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். அவனுக்கு எதையும் சந்தேகப்பட்டுவிட்டுத்தான் சந்தோஷப்படத் தெரியும். பேருந்தில் யாராவது எழுந்து இடம் கொடுத்தால்கூட, இருக்கை ஈரமாக இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவான். அப்படிப்பட்டவன், நேற்றுவரை அடுப்பாகக் கொதித்த இயந்திரம் இன்று குளிர்ந்து கிடப்பதை எப்படி நம்புவான்?

இன்னும் கட்டாத வீடுகளைக் கட்டி முடித்ததுபோல் காட்டுவது அவன் தொழில். கட்டுமானக்காரர்கள் வரைபடம் தருவார்கள். அவன் அதற்குச் சுவர் எழுப்பி, தரை போட்டு, சன்னல் வழியாக வெயிலை உள்ளே விட்டு, வாங்கப்போகிறவர் அறை அறையாக நடந்துபோவது மாதிரி ஒரு வீடியோ செய்து கொடுப்பான். அந்த வெயிலையும் நிழலையும் கணக்குப் போட்டுத் தள்ளுவதற்கு நல்ல கிராபிக்ஸ் கார்டு வேண்டும். அதனால்தான் பையன்கள் விளையாடுவதற்கு வாங்குகிற கேமிங் லேப்டாப் ஒன்றை வாங்கி வைத்திருந்தான். அந்தக் கார்டுக்குள் ஃபர்ம்வேர் என்று ஒரு சின்ன நிரல் உண்டு. இவ்வளவு மின்சாரம்தான் குடிக்கலாம், இவ்வளவு வேகம்தான் ஓடலாம் என்று கார்டுக்குக் கட்டளை போடுவது அதுதான்.

"கம்பெனிக்காரன் குதிரையக் குடுத்துட்டு காலக் கட்டி வச்சிருக்கான் மாமா" என்றான் மச்சான். மனைவியின் தம்பி, லேப்டாப் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவன். "நான் கட்ட அவுத்து விடறேன். அப்புறம் பாருங்க."

ஞாயிற்றுக்கிழமை வந்து அவிழ்த்தும் விட்டான். யாரோ மாற்றி எழுதிய ஃபர்ம்வேர் ஒன்றைக் கார்டுக்குள் ஏற்றினான். அதை ஏற்றுவதற்கு ஒரு செயலி. எழுதியவர் நம் ஆளாம், பட்டன்களையெல்லாம் தமிழிலேயே வைத்திருந்தார். ஏற்று. இறக்கு. அதற்குக் கீழே வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு கோடு. எல்லாவற்றுக்கும் அடியில் சின்ன எழுத்தில் ஒரே ஒரு குறிப்பு: 'சூடு இறங்கும்.'

மச்சான் சொன்னது பொய்யில்லை. ராத்திரி முழுக்க ஓட வேண்டிய வேலை, சாப்பிட்டுக் கை கழுவி வருவதற்குள் முடிந்து கிடந்தது. அவன்தான் அதை ரசிக்காமல், திரையின் மூலையில் கார்டின் வெப்பத்தைக் காட்டுகிற எண்ணையே முறைத்துக்கொண்டிருந்தான். முன்பெல்லாம் தொண்ணூறைத் தொட்டுவிட்டு மூச்சு வாங்கும் எண். இப்போது முப்பத்தேழில் நின்றது. வேகக்கோட்டை இன்னும் கொஞ்சம் தள்ளினான். முப்பத்தேழு. முழுக்கத் தள்ளினான். அப்போதும் அதே முப்பத்தேழு.

வெப்பத்தை அளக்கும் உணரி பொய் சொல்கிறது என்று முதலில் நினைத்தான். லேப்டாப்பின் முதுகில் உள்ளங்கையை வைத்தான். குளிர்ச்சியாக இருந்தது. பக்கவாட்டுத் துளைகளில் கையைக் காட்டினான். விசிறி சீராக ஓடுகிற சத்தமும், தூசியும் பிளாஸ்டிக்கும் கலந்த அந்தப் பழகிய வாசனையும் இருந்தன, ஆனால் வந்த காற்று சன்னலோரக் காற்றைப் போலச் சில்லென்று இருந்தது. பிறகு குனிந்து சார்ஜரைத் தொட்டவன் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டான். அது கொதித்தது. அப்படியானால் மின்சாரம் உள்ளே போகிறது, ஆறாகப் போகிறது. உள்ளே போனது சூடாகத்தானே வெளியே வர வேண்டும்?

மச்சானுக்குப் போன் போட்டான்.

"சூடு வரலன்னு கவலப்படற முதல் ஆளு நீங்கதான் மாமா" என்று சிரித்தான் மச்சான். "நல்லா எழுதியிருக்காங்க. அனுபவிங்களேன்."

"யாரு எழுதுனது?"

"இன்டர்நெட்ல ஏதோ ஒரு ஃபோரம்ல கெடந்துச்சு. பேரெல்லாம் போடல."

பெயர் போடாதவன் எதையும் சும்மா கொடுக்க மாட்டான் என்பது அவனுடைய அபிப்பிராயம். யாரோ தன் கார்டை ரகசியமாகத் தங்கள் வேலைக்கு ஓட்டுகிறார்களோ என்று இணைய இணைப்பைப் பிடுங்கிப் பார்த்தான். எதுவும் மாறவில்லை. அப்போதுதான் மேசைக்குக் கீழேயிருந்து மகள் கூப்பிட்டாள்.

"அப்பா, எனக்கு எரியுது."

சுண்டு என்று அவளைக் கூப்பிடுவார்கள். ஒன்றாம் வகுப்பு. அப்பாவின் மேசைக்கு அடியில் தலையணைகளை அடுக்கி, போர்வையைத் தொங்கவிட்டு, அவளும் ஒரு வீடு கட்டி வைத்திருந்தாள். அவன் கட்டுகிற வீடுகளைவிடத் தன் வீடுதான் உசத்தி, ஏனென்றால் இதில் படுக்க முடியும் என்பாள். அவன் போர்வையை விலக்கி அவள் நெற்றியைத் தொட்டான். சார்ஜரைத் தொட்ட கைக்கு வித்தியாசம் தெரியவில்லை.

மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவள். கையால் தொட்டுப் பார்த்து எதையும் முடிவு செய்ய மாட்டாள். தெர்மாமீட்டரை வைத்தாள், உதறி மறுபடி வைத்தாள், மருந்து கொடுத்தாள், மறுநாள் டாக்டரிடம் கூட்டிப்போனாள், தன் கையாலேயே ரத்தம் எடுத்துப் பரிசோதித்தாள். ரத்தத்தில் ஒரு குறையும் இல்லை. சளி இல்லை, தொண்டையில் புண் இல்லை. காய்ச்சல் மட்டும் வந்தது, போனது, மறுபடி வந்தது.

"இப்படி ஒரு காய்ச்சல நான் பாத்ததே இல்லங்க" என்றாள். "ஏறுனா ஒரேயடியா ஏறுது. திடீர்னு இறங்கிடுது. யாரோ சுவிட்ச் போட்டு அணைக்கற மாதிரி."

சுவிட்ச் என்ற சொல் அவன் காதுக்குள்ளேயே நின்றுவிட்டது. காலையில் வேலையைத் தொடங்கியபோது ஏறிய காய்ச்சல். மதியம் நிறுத்திவிட்டுச் சாப்பிட்டபோது வியர்த்து இறங்கிய காய்ச்சல். மறுபடி உட்கார்ந்ததும் ஏறியது. சே, என்ன புத்தி இது என்று தன்னையே திட்டிக்கொண்டான். இருந்தாலும், மேசைக்கு அடியில் படுப்பதால் லேப்டாப்பின் காற்று ஏதாவது படுகிறதோ என்று மகளைத் தூக்கிப்போய் உள்ளறைக் கட்டிலில் படுக்க வைத்தான். அந்தக் காற்று சில்லென்று இருந்ததை அவன் மறக்கவில்லை. மறந்ததுபோல் நடந்துகொண்டான்.

உள்ளறையிலும் அவளுக்கு ஏறியது.

மறுநாள் மனைவி வேலைக்குப் போய்விட்டாள். வீட்டில் அவனும் மகளும்தான். மழைக்கு முந்தைய பிற்பகல். பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருந்தது. தெருவில் யாரோ இரும்புக் கதவை இழுத்துச் சாத்துகிற சத்தம், எங்கோ ஒரு குழாய் சொட்டுகிற சத்தம், ஈரமான சிமெண்ட் வாசனை, சுவரில் திரைச்சீலையின் நிழல் அசைந்து அசைந்து நிற்பது, எல்லாம் அன்றைக்கு அவனுக்கு ஏதோ ஒன்றை மறைப்பதற்காகவே நடப்பதுபோல் தோன்றியது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனான். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அதைத் தொடைமேல் வைத்துக்கொண்டான். மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். நெற்றி சாதாரணமாக இருந்தது.

செய்யப்போவது என்னவென்று அவனுக்குத் தெரியும். ஒரு தகப்பன் செய்யக்கூடாத காரியம். இருந்தும் செய்தான், ஏனென்றால் தெரிந்துகொள்ளாமல் அவனால் இருக்க முடியாது. இடது கையை மகளின் நெற்றியில் வைத்துக்கொண்டு, வலது கையால் வேகக்கோட்டைக் கொஞ்சம் தள்ளினான்.

திரையில் கட்டாத வீடு ஒன்று சுழன்றது. முப்பத்தேழு.

கைக்குக் கீழே நெற்றி வெதுவெதுத்தது. மனப்பிரமை. இன்னும் கொஞ்சம் தள்ளினான். சூடு தெளிவாக ஏறியது, விரல் விரலாக ஏறியது. மகள் தூக்கத்தில் முகத்தைச் சுளித்தாள். உதடு காய்ந்தது. அவன் கோட்டை முழுக்கப் பின்னால் இழுத்தான். நெற்றி வியர்த்தது. அவன் கை நனைந்தது.

தற்செயல். ஒருதடவை நடந்தால் தற்செயல்தானே.

மறுபடி தள்ளினான். மறுபடி ஏறியது.

அவனுக்கு அழுகை வந்தது. இத்தனை நாளாக யார் வீட்டுச் சன்னலுக்கோ வெயில் விடுவதற்காக, பெற்ற பிள்ளையை அல்லவா காய்ச்சியிருக்கிறோம். மச்சானைக் கேட்க வேண்டும், எழுதியவனைத் தேட வேண்டும், அதெல்லாம் அப்புறம். முதலில் இந்தச் சனியனை வெளியே எடுக்க வேண்டும். நெற்றியிலிருந்து இடது கையை எடுக்காமலே செயலியைத் திறந்தான். ஏற்று. இறக்கு. ஏற்றியதை இறக்கினால் தீர்ந்தது. 'இறக்கு' என்பதை அழுத்தினான்.

ஒரு சின்னப் பெட்டி திறந்து ஏதோ கேட்டது. அதற்குப் பதிலும் அதிலேயே நிரப்பி இருந்தது. அவன் படிக்கவில்லை. படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதவன், அன்றைக்கு 'சரி' என்பதை அழுத்தினான்.

பச்சைக் கோடு ஒன்று நிதானமாக நீண்டது. மகள் ஒருமுறை உடம்பை முறுக்கிக்கொண்டாள். கோடு முடிந்தது. திரை அணைந்தது.

நெற்றி குளிர்ந்திருந்தது.

மனைவி மழையில் நனைந்தபடி வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போய்த் தெர்மாமீட்டர் வைத்தாள். அவள் முகம் மலர்வதை அவன் அறை வாசலில் நின்று பார்த்தான்.

"இறங்கிடுச்சுங்க. சுத்தமா இறங்கிடுச்சு" என்றாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. "பசியோட எழுந்திருப்பா, பால் காய்ச்சி வைக்கறேன்." சமையலறையில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அவள் ஏதோ பாட்டை முணுமுணுப்பதும் கேட்டது. அந்த வீட்டில் பாட்டுக் கேட்டே ரொம்ப நாளாகிவிட்டது.

லேப்டாப் மட்டும் எழவில்லை. எவ்வளவு அழுத்தியும் உயிர் வரவில்லை. அதனால் என்ன, போகட்டும். ஆனால் நிம்மதியையும் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறவன் அவன். கூடத்துக்கு வந்து மச்சானைக் கூப்பிட்டான்.

"ஆன் ஆகல மச்சான். நீ போட்டத எடுத்துட்டேன். அதுக்கப்புறம் செத்துப் போச்சு."

"எப்படி எடுத்தீங்க?"

"இறக்குன்னு இருந்துச்சே, அத அமுக்குனேன்."

"மாமா, அது எடுக்கறது இல்ல. இறக்குன்னா டவுன்லோடு. பதிவிறக்கம்னு போடுவாங்கல்ல, அந்த இறக்கு. கார்டுல இருக்கறத வேற எடத்துல இறக்கி வைக்கறது. அழிக்கறதுக்கு வேற வழி இருக்கு, என்னக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

"அப்ப இது?"

"பிரதி எடுத்திருக்கும், அவ்வளவுதான். ஆனா பிரதி எடுத்தா கார்டுல இருக்கறது கார்டுலயே இருக்கணும். காலியாகாது." யோசித்தான். "எங்க இறக்கறதுன்னு ஒரு பெட்டியில கேட்டிருக்குமே. எங்க குடுத்தீங்க?"

அவன் கண்ணை மூடிப் பார்த்தான். வழக்கமாக அந்த மாதிரிப் பெட்டிகளில் எந்த ஃபோல்டர் என்று நீளமாக ஏதாவது இருக்கும், நடுநடுவே சாய்கோடு போட்டு. இதில் அப்படி இல்லை. ஒரே ஒரு சொல். 'அருகில்' என்று இருந்ததாக ஞாபகம். இல்லாத ஞாபகமாகவும் இருக்கலாம்.

"மாமா? லைன்ல இருக்கீங்களா?"

போனைக் கையில் பிடித்தபடியே உள்ளறைக்குப் போனான். மழை விட்டிருந்தது. தெருவில் சத்தம் இல்லை. குழாயும் சொட்டவில்லை. அதனால்தான் கேட்டது. மெல்லிய இரைச்சல். சீரான இரைச்சல்.

மின்விசிறி என்று நினைத்து அண்ணாந்து பார்த்தான். அது நின்றிருந்தது.

மகள் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. நெற்றியைத் தொட்டான். குளிர்ச்சி. கழுத்தைத் தொட்டான். குளிர்ச்சி. தூசியும் பிளாஸ்டிக்கும் கலந்த வாசனை. குனிந்தான். அவள் வாயிலிருந்து அவன் முகத்தில் காற்று அடித்தது. அனல்.

"தூங்கறாளா?" என்றாள் மனைவி சமையலறையிலிருந்து.

மகளின் கலைந்த முடி ஒன்று உதட்டோரத்தில் பறந்துகொண்டிருந்தது. மூச்சு வெளியே வந்தால் பறக்கும். உள்ளே போனால் விழும். அவன் பார்த்தான். பறந்தது. நெஞ்சைப் பார்த்தான். அசையவில்லை. வாயைப் பார்த்தான். முடி நேராக, விறைப்பாக, அவனை நோக்கி நீண்டு நின்றது. அது ஒருதடவை விழுந்தால் போதும் என்று காத்திருந்தான்.

விழவில்லை.