டிபன் டப்பாவுக்குள் போன ஜிபிஎஸ்

வீட்டில் எல்லோரும் அவளை அடம் என்றுதான் கூப்பிடுவார்கள். பிறந்தபோது வைத்த பெயர் பள்ளிப் பதிவேட்டில் மட்டும் பத்திரமாக இருந்தது.

வகுப்பில் அவள் பக்கத்தில் உட்காருபவன் சுருட்டை. கால் ஒடிந்து ஊன்றுகோலோடு நடக்கிறான். பள்ளி வேன் அவன் வீட்டுக்குப் போனால்தான் இந்த ஆண்டு அவனால் பள்ளிக்கு வர முடியும்.

"சுத்திப் போனா நாலு கிலோமீட்டர். மத்த பிள்ளைங்களுக்கு நேரமாயிடும்," என்றார் வேன் அண்ணன்.

"பின்பக்கமா அவன் வீட்டுக்கு ஒரு சந்து போகுதே அண்ணா?" என்றாள் அடம்.

வழித்தடங்களைக் கவனிக்கும் அலுவலக அக்கா கணினியில் ஊர் வரைபடத்தைத் தேடிப் பார்த்தார். "படத்துல அப்படி ஒரு சந்தே இல்லையே. இல்லாத வழிய நான் எப்படி எழுத? வெள்ளிக்கிழமை பட்டியல முடிக்கணும்."

"அதுக்குள்ள படத்துல கொண்டுவந்துடறேன்க்கா," என்றாள் அடம்.

நிலம் அளக்கும் வேலை பார்க்கும் மாமாவிடம் பழைய ஜிபிஎஸ் கருவி ஒன்று இருந்தது. தீப்பெட்டி அளவுதான். செயற்கைக்கோள்கள் அனுப்பும் சமிக்ஞைகளைப் பிடித்து, தான் இருக்கும் இடத்தைக் கணக்கிடும். கையில் வைத்துக்கொண்டு நடந்தால் போன வழியைக் குறித்துவைக்கும். பிறகு கணினியில் இணைத்து அதை வரைபடத்தின் மேல் கோடாகப் பார்க்கலாம்.

"தொலைச்சிட மாட்டியே?" என்று மூன்று முறை கேட்டுவிட்டுத்தான் மாமா கொடுத்தார்.

புதன்கிழமை அதைக் கணினியில் இணைத்தாள். திரையில் எழுத்தா கிறுக்கலா என்று தெரியாமல் ஏதோ ஓடியது.

"கெட்டுப்போச்சு போல. விட்டுடு," என்றான் அவள் அண்ணன்.

"விட மாட்டேன்."

கருவியோடு வந்த காகிதத்தை வரி விடாமல் படித்தாள். கருவி அனுப்பும் வேகமும் கணினி வாங்கும் வேகமும் ஒன்றாக இருக்க வேண்டுமாம். கணினியில் வேகத்தை மாற்றினாள். கிறுக்கல் போய் எண்கள் ஒழுங்காக வந்தன. அண்ணன் சத்தமில்லாமல் தன் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினான்.

வியாழக்கிழமை தூறல். கருவி நனையக்கூடாதே என்று அதைத் தன் எவர்சில்வர் டிபன் டப்பாவில் வைத்து மூடிக்கொண்டு சந்து முழுக்க நடந்தாள். திரும்பி வந்து இணைத்தால் ஒரு புள்ளிகூட இல்லை.

அவளுக்கு அழுகை வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு கருவியை ஜன்னலில் வைத்தாள். சற்று நேரத்தில், சமிக்ஞை கிடைத்துவிட்டது என்று காட்டும் பச்சை விளக்கு எரிந்தது. டப்பாவுக்குள் வைத்து மூடினாள். கொஞ்சம் பொறுத்துத் திறந்தால் சிவப்பு. இரண்டு முறை செய்தும் அதேதான்.

"வானத்தப் பாக்க வேண்டியத நான் எவர்சில்வருக்குள்ள பூட்டிட்டேன்," என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை, கருவியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றித் தொப்பியின் மேல் கட்டினாள். வெட்டவெளியில் நின்று, பச்சை விளக்கு எரிகிறதா என்று அண்ணனைப் பார்க்கச் சொன்னாள். பிறகுதான் நடந்தாள்.

"தலையில என்னம்மா?" என்று கேட்டார் சந்தில் இஸ்திரி போடுபவர்.

"வேனுக்கு வழி, மாமா."

பள்ளி தொடங்கும் முன்பே படம் அலுவலக அக்காவின் மேசைக்கு வந்துவிட்டது. பெரிய சாலையிலிருந்து சுருட்டை வீடு வரைக்கும் நேரான கோடு. அறுநூறு மீட்டர்.

"கோடு சரி. வேன் நுழையணுமே," என்றார் வேன் அண்ணன்.

அடம் பையிலிருந்து அம்மாவின் தையல் டேப்பை எடுத்தாள். "சந்து ரொம்பக் குறுகுற இடத்துல பத்து அடி. உங்க வேன் ஏழு அடி. நேத்தே அளந்துட்டேன்."

"கண்ணாடியச் சேத்தா?"

"சேத்துதான் அண்ணா."

வேன் அண்ணன் சரியென்று தலையாட்டினார். அக்கா பட்டியலைத் திறந்தார். "சந்துக்குப் பேர் வேணுமே. என்னன்னு எழுத?"

அதை மட்டும் அடம் யோசிக்கவில்லை.

திங்கட்கிழமை வேன் அந்தச் சந்துக்குள் மெதுவாக நுழைந்தது. சுருட்டை புத்தகப்பையை மாட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தான். வேனில் ஏறி உட்கார்ந்ததும், முன்னால் ஒட்டியிருந்த வழிப்பட்டியலை உரக்கப் படித்தான்.

"நாலாவது நிறுத்தம், அடம் சந்து."