மேடையில் ஒரே ஒரு நாற்காலி

பிரவீணாவின் அம்மா லாவண்யா பியானோ வாசித்தால், வியன்னாவில் இருமல் வந்தவர்கள்கூட அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் இது வியன்னா இல்லை. அரியலூர். அதுவும் கல்யாண மண்டபம்.

அம்மா பிறந்த ஊர் இதுதான். பள்ளிக்கூடத்தில் இருந்த பழைய கீபோர்டில் தட்ட ஆரம்பித்து, சென்னையில் படித்து, ஜெர்மனி போய், இப்போது நாடு நாடாகக் கச்சேரி செய்கிறார். சொந்த ஊரில் மட்டும் ஒரு தடவைகூட வாசித்ததில்லை. இன்று வாசிப்பதற்காகத் திருச்சியிலிருந்து லாரியில் பியானோ வந்திருந்தது.

மேடைக்குப் போகுமுன் அம்மாவின் கை சில்லிட்டிருந்தது.

"பயமா இருக்காம்மா?"

"ஆமாம் பிரவீ. நான் என்ன வேலை பார்க்குறேன்னே இங்க யாருக்கும் தெரியாது. ஒரு பாட்டையாவது முழுசா கேட்டுட்டாங்கன்னா போதும். பாதியில நின்னுச்சுன்னா அழுதுடுவேன்."

அப்போது கலைவாணன் மாமா உள்ளே வந்தார். அம்மாவின் அண்ணன். ஏற்பாடெல்லாம் அவருடையது.

"நீ வாசிக்கறப்ப ஒருத்தரும் மேடை ஏற மாட்டாங்க தங்கச்சி. நானாச்சு!" என்றார்.

பிரவீணாவுக்குப் பத்து வயது. அவளுக்கும் மேடையில் வேலை இருந்தது. எல்லாமே புதுப் பாட்டுகள் என்பதால், அம்மா சுரம் எழுதிய தாளைப் பார்த்து வாசிக்க வேண்டும். அம்மா தலையசைத்ததும், இடது பக்கம் உட்கார்ந்திருக்கும் பிரவீணா எழுந்து சத்தமில்லாமல் தாளைத் திருப்ப வேண்டும். வளையல் போடக் கூடாது. தும்மல் வந்தால் விழுங்கிவிட வேண்டும்.

கச்சேரி தொடங்கியது. தாள் பறக்காமல் இருக்க மின்விசிறிகளை நிறுத்தியிருந்தார்கள். அழைப்பிதழால் விசிறிக்கொண்டே ஊர் மொத்தமும் கேட்டது. யாரும் எழுந்து போகவில்லை. பிரவீணாவுக்குப் பெருமையாக இருந்தது.

பாட்டின் மெதுவான பகுதி வந்தது. ஒவ்வொரு சுரமும் இலையிலிருந்து சொட்டும் தண்ணீர் போல விழுந்தது. அப்போதுதான் வாசலில் சலசலப்பு கேட்டது.

அரிசி ஆலை தர்மராஜ் வந்துவிட்டார். சிறப்பு விருந்தினர். ஒரு மணி நேரம் தாமதம். கையில் விரித்த பொன்னாடை!

நம் ஊரில் நாதஸ்வரக்காரர் வாசித்துக்கொண்டிருக்கும்போதே பெரியவர்கள் போய்ப் பொன்னாடை போர்த்துவார்கள். அது மரியாதை. தர்மராஜும் அதே மரியாதையைச் செய்யத்தான் விறுவிறுவென்று வந்தார். ஆனால் பியானோ வாசிப்பவரின் தோளில் பொன்னாடை விழுந்தால் கை என்ன ஆகும்?

மாமா கூடவே ஓடி வந்தார். "ஐயா, பாட்டு முடியட்டுங்க…"

"மீன்சுருட்டியில கல்யாணம் இருக்குய்யா. போத்திட்டு ஓடிடறேன்!"

நானாச்சு என்றவர் இப்போது கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

தர்மராஜ் படி ஏறினார். அம்மாவுக்கு எதுவும் தெரியாது. பிரவீணா தாளைப் பார்த்தாள். திருப்புவதற்கு இன்னும் இரண்டு வரிகள்தான் பாக்கி. கத்த முடியாது. தடுத்தால் பெரியவருக்கு அத்தனை பேர் முன்னால் அவமானம்.

மேடையில் அம்மாவின் இருக்கையை விட்டால் இருந்தது ஒரே நாற்காலி. பிரவீணாவுடையது.

அவள் அதை இழுக்காமல், தூக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தாள். கைகூப்பினாள். சம்பந்தியை உபசரிப்பது போல இரண்டு கைகளாலும் நாற்காலியைக் காட்டினாள்.

தர்மராஜ் நின்றார். கூட்டமே அவரைப் பார்த்தது. மேடையில், அத்தனை பேர் முன்னால் நாற்காலி போட்டால் உட்காராமல் போக யாருக்குத்தான் மனம் வரும்? மீசையைத் தடவியபடி உட்கார்ந்தார். பொன்னாடை மடியில் இறங்கியது.

அம்மாவின் தலை அசைந்தது!

பிரவீணா பூனை போலப் பாய்ந்தாள். தாள் திரும்பியது. ஒரு சுரம்கூடத் தப்பவில்லை.

பாட்டு மெல்லத் தேய்ந்து முடிந்தது. அம்மா கையை மடியில் வைத்தார். ஒருவரும் கைதட்டவில்லை. அம்மா கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். பிடிக்கவில்லையோ?

"முடிஞ்சிருச்சா பாப்பா?" தர்மராஜ் ரகசியமாகக் கேட்டார். அவருடைய ரகசியம் கடைசி வரிசை வரை கேட்டது.

"முடிஞ்சிருச்சுங்க."

"அடடா!" அவர் எழுந்து நின்று தட்டினார். பொன்னாடை கீழே விழுந்ததை அவர் கவனிக்கவே இல்லை. மண்டபமே எழுந்து தட்டியது. அம்மா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

மாமா மெதுவாக வந்து, "ஐயா, மீன்சுருட்டி கல்யாணம்…" என்று நினைவூட்டினார்.

"பொண்ணு மாப்பிள்ளை எங்கய்யா போயிடப் போறாங்க? நீ எறங்கு, மறைக்குது!" என்ற தர்மராஜ், நாற்காலியைப் பியானோவுக்கு இன்னும் பக்கத்தில் போட்டுக்கொண்டார். "அடுத்தது வாசிம்மா."

பிரவீணா அன்று கச்சேரி முழுக்க நின்றுகொண்டேதான் தாள் திருப்பினாள்.