பன்னிரண்டாம் பெட்டி

மூன்றில் இரண்டு போயிருந்தது. மறுபடி பார்த்தான். மறுபடியும் மூன்றில் இரண்டு. எந்தப் படகை எடுத்தாலும் இதே கதைதான். சிக்னல் கெட்டால் கண்டபடி கெடும். இப்படிச் சொல்லிவைத்தாற்போல் முதல் இரண்டு மட்டும் தொலைந்து, மூன்றாவது மட்டும் ஒழுங்காகப் போய்ச் சேராது. இது தினகரனுக்குப் புரிந்ததும் வந்தது பயமில்லை, எரிச்சல்.

பின்னே? தோணிரேவு மீனவர் சங்கத்தின் இந்த ஒற்றை அறைக் கட்டடத்தில் கம்ப்யூட்டர் கோளாறு பார்க்கச் சென்னையிலிருந்து மூன்று பஸ் மாறி வந்திருக்கிறான். வேலையோ ஒண்ணாங்கிளாஸ் பையன்கூடச் செய்கிற வேலை. ஏரிக்குப் போகும் பதினோரு படகிலும் டிபன் டப்பா அளவுக்கு ஒரு பெட்டி. கால் மணிக்கு ஒரு தரம் அது கரையிலுள்ள கம்ப்யூட்டரை 'இருக்கியா?' என்று மூன்று முறை கூப்பிடும். இது 'இருக்கேன்' என்று சொல்ல வேண்டும். அதற்குப் பெயர் பிங். புயல் செய்தி போய்ச் சேருமா என்று பார்த்துக்கொள்ள இந்த ஏற்பாடு. இதைக்கூட உருப்படியாக வைத்துக்கொள்ளத் தெரியாத ஜனங்களுக்குக் கம்ப்யூட்டர் ஒரு கேடு என்று நினைத்துக்கொண்டான்.

மௌஸை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கருப்புத் திரையைத் திறந்து கமாண்ட் அடித்தான். மௌஸ் பிடிக்கிறவர்களை அவன் மனிதராகவே மதிப்பதில்லை. இரண்டு அடாப்டர்கள் பட்டியலில் வந்தன: ஒன்று கேபிள், இன்னொன்று கூரை ஆண்டெனா. இரண்டும் கல்லுமாதிரி இருந்தன. பிறகு, எதை உள்ளே விடலாம், எதைத் தடுக்கலாம் என்கிற விதிகளைக் கேட்டான். அங்கே உட்கார்ந்திருந்தது வினை. முதல் கூப்பாட்டைத் தள்ளு. இரண்டாவதையும் தள்ளு. மூன்றாவதற்குப் பதில் சொல்.

"எந்தப் புத்திசாலிம்மா இத எழுதினது?"

"நான்தான் சார்," என்றாள் ஜெபசெல்வி. சங்கத்து ஆபரேட்டர். பொன்னேரியில் பிசிஏ படித்தவள். "தண்ணிலேர்ந்து யார் கூப்ட்டாலும் மூணாவது தபாக்குத்தான் சார் எங்க ஊர்ல பதில் சொல்வோம். உசுரோட இருக்கறவங்க மூணு தபா கூப்புடுவாங்க. செத்தவங்களால ஒரு தபாவுக்கு மேல கூப்புட முடியாது."

"அது மனுசனுக்கு. மிஷினுக்குமா?"

"பதில் சொல்றது எதுவா இருந்தா இன்னா சார்? போன மாசம் தேசப்பன் அண்ணன் ஒத்த குரலுக்கு 'இன்னாடா'ன்னுட்டாரு. தோணி மட்டுந்தான் திரும்பி வந்துச்சு."

தினகரன் வாய்விட்டுச் சிரித்தான். பிசிஏவாம்! அடக் கஷ்டகாலமே, பேய்க்குத் தடுப்புச்சுவர் கட்டுவதற்கா இவளுக்குப் பட்டம் கொடுத்தார்கள்? ஆபீஸில் போய்ச் சொன்னால் ஒரு வாரம் சிரிப்பார்கள். அவள் "சார், வேணாம் சார்" என்று சொல்லி முடிப்பதற்குள் இரண்டு வரிகளையும் அழித்து எண்டரைத் தட்டினான்.

அவள் செருப்பைக்கூட மாட்டாமல், படகுகளைக் கரைக்குக் கூப்பிட ஓடினாள்.

மணி மூன்றுதான். ஆனால் வாடைக் காற்று கொண்டுவந்து குவித்த மேகத்தில் அறை இருண்டு கிடந்தது. வெளியே காயவைத்த இறாலின் வாடை, ஓட்டின் மேல் எங்கோ தளர்ந்த தகரம் தடதடக்கிற சத்தம், சுவருக்கு அந்தப்புறம் ஏரி கரையை நக்கிக்கொண்டிருக்கிற சத்தம், இதற்கெல்லாம் நடுவில் திரையில் ஒவ்வொரு படகாக மூன்று மூன்றாய்க் கூப்பிட்டு மூன்றுக்கும் பதில் வாங்கிக்கொண்டு போனது. பதினோராவது படகும் முடிந்தது. சோம்பல் முறித்தான்.

பன்னிரண்டாம் எண்ணிலிருந்து ஒரு கூப்பாடு வந்தது. ஒன்றே ஒன்று.

கம்ப்யூட்டர் பதில் சொன்னது.

சுவரில் ஜெபசெல்வியின் கையெழுத்தில் படகுப் பட்டியல் ஒட்டியிருந்தது. பன்னிரண்டில் 'முத்து' என்று எழுதிச் சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் 'போன ஐப்பசியில் மூழ்கியது, ஆளும் படகும் கிடைக்கவில்லை' என்று குறித்திருந்தது. பழைய பதிவுகளைப் புரட்டினான். ஒரு வருஷமாகக் கால் மணிக்கு ஒரு தரம், ஒற்றைக் கூப்பாடு. ஒன்றுக்கும் பதில் போகவில்லை.

எவனோ பெட்டியைத் திருடி வீட்டில் வைத்திருக்கிறான், அவ்வளவுதான். திருட்டுப் பயல்கள். பிடித்துக் காட்டுகிறேன் என்று இவனே பன்னிரண்டைத் திருப்பிக் கூப்பிட்டான்.

பதில் வந்தது. வந்து சேர எடுத்த நேரம் நாலாயிரம் மில்லி செகண்ட். அடுத்தது மூவாயிரத்து நூறு. இரண்டாயிரத்து இருநூறு. இந்த எண்ணுக்கும் தூரத்துக்கும் சம்பந்தமில்லை. அதை அவனே பத்துப் பேருக்கு வகுப்பெடுத்திருக்கிறான். இருந்தும் எண் குறையக் குறையச் சுவருக்கு வெளியே தண்ணீர்ச் சத்தம் கிட்டே வந்தது. யாரோ முழங்காலளவு நீரில் நிதானமாக நடந்து வருகிற சத்தம். சேற்று நாற்றம் அறைக்குள் ஏறியது.

தொண்ணூறு.

ஆண்டெனா அடாப்டரை முடக்கினான். முடங்கிவிட்டது என்றது திரை. அதற்குக் கீழேயே, உள்ளே வந்தவற்றின் எண்ணிக்கை ஒவ்வொன்றாக ஏறியது. நாற்பது. கேபிளைப் பிடுங்கினான். கையில் ஈரம் பிசுபிசுத்தது. பன்னிரண்டு. மூன்று.

ஒன்றுக்கும் கீழே.

அப்படி வந்தால் என்ன அர்த்தம் என்று அவனுக்குத் தெரியும். பெட்டி இந்த அறையில் இருக்கிறது. இந்த மேஜையில்.

"சார்."

முதுகுக்குப் பின்னால். ஜெபசெல்வி குரல்.

வாயைத் திறந்தவன் சட்டென்று இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான். எண்ணினான். ஒன்று. காத்திருந்தான். இரண்டு வரவில்லை. திரும்பவில்லை, மூச்சுவிடவில்லை. நான் சொல்லவில்லை, நான் ஒன்றும் சொல்லவில்லை என்று மனசுக்குள் கதறினான். அவன் தடையை அழித்துவிட்ட கம்ப்யூட்டர் அவனுக்குப் பதிலாகத் திரையில் நிற்காமல் சொல்லிக்கொண்டிருந்தது. இருக்கேன். இருக்கேன். இருக்கேன்.

ஜன்னலில் கரை தெரிந்தது. பதினோரு படகும் வந்து சேர்ந்திருந்தன. இடுப்பளவு தண்ணீரில் நின்று ஜெபசெல்வி கயிறு வாங்கிக்கொண்டிருந்தாள். ஐயோ, அவள் அங்கே இருக்கிறாள். பாய்ந்து போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினான்.

"ஜெபசெல்வி!"

அவளுக்குக் கேட்டது. தோள் விறைத்தது. ஆனால் திரும்பவில்லை. படகில் இருந்தவர்களும் திரும்பவில்லை. எல்லோரும் அப்படி அப்படியே நின்றார்கள். அவள் ஒரு விரலை மடக்கிக்கொண்டு காத்திருந்தாள்.

இரண்டாவது முறை கூப்பிட வாயைத் திறந்தான்.

குரலுக்குப் பதிலாகத் தண்ணீர் கொட்டியது.