நாற்காலியில் போட்ட நைட்டி

நைட்டியின் அக்குள் ஈரமாக இருந்தது. மௌரீன் மறுபடியும் தொட்டுப் பார்த்தாள். வியர்வைதான், வெதுவெதுப்பாக. அதை ஒன்பது நாளாக யாரும் போடவில்லை.

ஆறு மாதமாகத் தூக்கம் கெட்டு, தலை வாரக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தவள் அவள். டாக்டர் கொடுத்த மாத்திரையில் இப்போதுதான் கொஞ்சம் தெளிந்திருக்கிறாள். மாமியாருக்கோ அது அசுத்த ஆவி. ஜெபத்துக்கு வந்து உட்கார மாட்டேன் என்று மௌரீன் ஒரே பிடியாக நின்றதால், அவளுடைய பூப்போட்ட நைட்டியை ஹாலில் பிரம்பு நாற்காலிமேல் போட்டு, மர்பி டவுன் சபைப் பெண்கள் தினமும் அதன்மேல் கைவைத்து ஜெபித்தார்கள்.

"எங்க பழைய மௌரீனைத் திரும்பத் தாரும் ஆண்டவரே."

கேட்டதற்கெல்லாம் தலையாட்டிய மௌரீனைத்தான் கேட்டார்கள். அவளை மௌரீனுக்கே பிடிக்காது.

இன்று கடைசி ஜெபம். ஐந்தரைக்கு அவள் டாக்டரிடம் போக வேண்டும். "போனா திரும்பி வராத" என்று கணவன் டெரிக் காலையிலேயே சொல்லிவிட்டான்.

அறைக்குள் போய் அவள் உடை மாற்றிக்கொண்டிருந்தபோது, மெழுகுவர்த்திப் புகையும் தேங்காய் எண்ணெயும் கலந்த வாசனையோடு ஹாலில் ஜெபம் முனகலாக ஆரம்பித்து, தூறலின் சத்தத்தையும் மூடி ஏறி, சட்டென்று நின்றது. நாற்காலி கிரீச்சிட்டது, யாரோ சாய்ந்து உட்கார்ந்ததுபோல.

"டீ குடிக்கிறியாம்மா, மௌரீன்?"

மாமியாரின் குரல் ஹாலில்தான் கேட்டது. அவள் இவ்வளவு கனிவாகப் பேசி மௌரீன் கேட்டதே இல்லை.

கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. மாட்டேன். மாத்திரையை விழுங்கினாள். பையை எடுத்தாள். கதவைத் திறந்தாள்.

எல்லோரும் நாற்காலியைச் சுற்றி முழங்காலில் இருந்தார்கள். முதுகுகள் மறைத்தன.

"டாக்டர்கிட்ட போறேன். போய்ட்டு வருவேன். இது என் வீடும்தான்."

யாரும் திரும்பவில்லை.

"பாருங்கம்மா, சொன்ன பேச்சு கேக்குறா," என்று டெரிக் தன் அம்மாவிடம் சொல்லி, நாற்காலியைப் பார்த்து அழுதுகொண்டே சிரித்தான்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தாள். ஹால் ஜன்னல் வழியே நாற்காலி தெரிந்தது. நைட்டி நிறைந்திருந்தது. தோள் இருந்தது. மார்பு மூச்சில் ஏறி இறங்கியது. மடியில் இரண்டு கைகள், அடக்கமாக.

கழுத்துக்குமேல் ஒன்றுமே இல்லை.

அந்த ஒன்றுமில்லாத இடத்தில் மாமியார் டீ டம்ளரைப் பதமாகச் சாய்த்துப் பிடித்திருந்தாள். டீ குறைந்துகொண்டே வந்தது.